பம்ப் ஸ்டவ் வாஷரும் பர்மிங்காம் துப்பாக்கியும்

தேனிப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய தாத்தா எஸ்டேட்டில் கணக்கராக இருந்தபோது, ஊர் திரும்பிய துரை ஒருவர் தன் காற்றுத் துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். பரணில் பல்லாண்டு கிடந்ததை இறக்கித் துடைத்து, உள்ளே தாராளமாகத் தையல் மெஷின் எண்ணெயை விட்டு, கொல்லையில் வைத்த அட்டைப் பெட்டியைக் குறிபார்த்துச் சுட்டிருக்கிறார். பட்டாசு போல வெடித்ததாம். குழல் வாயில் நீலப் புகை, எண்ணெய் தீய்ந்த வாடை. “வெடிமருந்தே இல்லாத துப்பாக்கியில் எது வெடித்தது?” என்று கேட்கிறார்.

இதைவிட நல்ல கேள்வி எனக்கு வந்து நாளாகிறது.

அவர் அனுப்பிய படத்தில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரையும் பி.எஸ்.ஏ. என்ற எழுத்துகளும் தெரிகின்றன. நம்மில் பலர் ஓட்டிப் பழகிய சைக்கிளில் இருந்த அதே பெயர்தான். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக நம் தெருக்களுக்கு வந்த அந்தப் பெயரின் விரிவு ‘பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்’. 1861-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. லிங்கன் ஜெஃப்ரிஸ் என்ற பர்மிங்காம் துப்பாக்கிக்காரரின் வடிவமைப்பை வைத்து 1905-இல் காற்றுத் துப்பாக்கி செய்யவும் இறங்கியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் தம் படைவீரர்களின் குறி சரியில்லை என்று பிரிட்டன் கவலைப்பட்ட காலம். குறிசுடும் சங்கங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. மதுக்கடைகளின் உள்ளேயே ஆறு கெஜ தூரத்தில் இரும்புத் தகடு ஒன்றை நிறுத்தி, அதன் நடுவில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துளை வழியாகச் சுடுவார்கள். குண்டு துளைக்குள் புகுந்தால் பின்னாலிருக்கும் மணி அடிக்கும். இந்த மணி விளையாட்டு இங்கிலாந்தில் இன்னும் சாகவில்லை.

துப்பாக்கியின் பொறியமைப்பு எளிது. குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலை இழுத்தால் பிஸ்டன் பின்னால் போய், வலுவான சுருள்வில் ஒன்றை அழுத்திக்கொண்டு கொக்கியில் மாட்டி நிற்கும். விசையை அழுத்தினால் கொக்கி விடும். வில் பிஸ்டனை முன்னே தள்ளும். எதிரே உருளைக்குள் இருக்கும் காற்று நசுங்கி, சிறு துளை வழியாகப் பாய்ந்து ஈயக்குண்டைத் தள்ளும். வில் நேரடியாகக் குண்டைத் தொடுவதே இல்லை. இடையில் இருப்பது காற்று மட்டும்.

அந்தக் காற்றுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு பம்பின் அடிப்பகுதி சுடுவது தெரியும். காற்றை நசுக்கினால் சூடாகும். மெதுவாக நசுக்கினால் அந்தச் சூடு சுவர் வழியே கசிந்து போய்விடும். துப்பாக்கியில் எல்லாம் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுவதால் சூடு வெளியேற நேரமே இல்லை. பள்ளிக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். காற்றின் கன அளவு இருபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடு துளியும் கசியாவிட்டால் அழுத்தம் இருபது மடங்கு அல்ல, ஏறத்தாழ 66 மடங்கு உயரும். 27 டிகிரியில் இருந்த காற்று 700 டிகிரியைத் தாண்டும். உண்மையில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆனாலும் எண்ணெய் பற்றிக்கொள்ள மிச்சமிருப்பது போதும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமல் எரிபொருள் பற்றுவதும் இப்படித்தான். தென்கிழக்காசியத் தீவுகளில் உலக்கை போன்ற ஒரு தண்டைச் சிறு குழாய்க்குள் ஓங்கி அடித்து, அதன் நுனியிலுள்ள பஞ்சில் கங்கு பிடிக்க வைப்பார்கள். டீசல் என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த மக்களின் கைக்கு இது தெரிந்திருந்தது.

ஆக, தேனி வாசகரின் துப்பாக்கியில் வெடித்தது அவர் ஊற்றிய தையல் மெஷின் எண்ணெய்.

பதில் இதோடு முடிந்திருக்கலாம். என்னால் நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் பிஸ்டனின் முகப்பில் ஒரு தோல் துண்டு இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னதாகாது.

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தோலைத் தெரியும். பம்ப் பிடிக்காமல் தொளதொளவென்று போனால், அம்மா தண்டை உருவி, நுனியில் கிண்ணம் போல இருக்கும் தோல் வாஷரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, விரலால் விளிம்பை நீவி விரித்து மறுபடி செருகுவார். அடுத்த அடியிலேயே பம்ப் கெட்டியாகப் பிடிக்கும். பி.எஸ்.ஏ. பிஸ்டனில் இருப்பதும் அதே கிண்ணம்தான், இன்னும் தடிமனாக.

கிண்ணத்தின் வாய் நசுங்கும் காற்றைப் பார்த்து இருக்கும். அழுத்தம் ஏற ஏற, காற்று கிண்ணத்துக்குள் புகுந்து அதன் விளிம்பை வெளிப்பக்கம் தள்ளி, உருளையின் சுவரோடு ஒட்டவைக்கிறது. தப்பிக்கப் பார்க்கும் காற்றே தன் வழியை அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் குறைவாக இருக்கும்போது தோல் சுவரை லேசாகத்தான் தொடும், உராய்வும் குறைவு. உச்ச அழுத்தத்தில் இறுகப் பிடிக்கும். அழுத்தம் இறங்கியதும் விட்டுவிடும். உருளை கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் தோல் தானே விரிந்து ஈடுகட்டும். நூறாண்டு பழைய துப்பாக்கி ஒரு தோல் துண்டை மாற்றியதும் மறுபடி சுடுவதற்குக் காரணம் இதுதான். இவ்வளவு வேலையைப் பார்க்கும் பொருள் ஒரு மாட்டின் முதுகிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்குவதில்லை.

தோல் இன்னொன்றும் செய்கிறது. தன் இழைகளுக்குள் எண்ணெயைக் குடித்து வைத்திருந்து ஒவ்வொரு சூட்டுக்கும் துளித்துளியாகக் கசிய விடுகிறது. அந்தத் துளியும் எரிகிறதா? பிரிட்டனில் கார்டியூ என்ற தந்தையும் மகனும் இதைச் சோதித்தார்கள். துப்பாக்கியைச் சூழ்ந்த காற்றை நீக்கி நைட்ரஜனை நிரப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான், நசுக்கினால் காற்றைப் போலவே சூடாகும். அதே வில், அதே குண்டு, இல்லாதது ஆக்சிஜன் மட்டும். குண்டின் வேகம் வெகுவாகக் குறைந்தது. ஒழுங்காக இயங்கும் துப்பாக்கியில்கூட ஓசையில்லாமல் ஒரு மெல்லிய எரிதல் நடந்து குண்டுக்குக் கைகொடுக்கிறது என்று அப்போது தெரிந்தது. அளவு மீறும்போதுதான் அது வெடியாகி, வில்லை முறித்து, தோலைக் கருக்குகிறது.

எவ்வளவு சுத்தமான சோதனை! ஒரே ஒரு வாயுவை மாற்றியதில் ஒரு பழைய விவாதம் தீர்ந்தது. நம் பாலிடெக்னிக் ஒன்றில் ஒரு நைட்ரஜன் சிலிண்டரும் வேகம் அளக்க இரண்டு ஒளி உணரிகளும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். ஆனால் மாணவர் ஒருவர் இதற்குப் பணம் கேட்டால் “இதனால் என்ன பயன்?” என்ற கேள்வி வந்து விழும். 1948 முதல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் தோலையே வாழ்வாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். சிறிய கேள்விகளுக்குச் சிறிய தொகைகளை அள்ளிக் கொடுக்க நமக்கு மனம் வரவேண்டும்.

தேனி வாசகர் ‘கைராசி’ பற்றியும் கேட்டிருந்தார். தாத்தா கையில் குறி தவறாத துப்பாக்கி தன் கையில் தவறுகிறதாம். ராசி காரணமல்ல. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகர்கிறது. நசுங்கிய காற்று மெத்தைபோலப் பிஸ்டனை நிறுத்தும்போது துப்பாக்கி முன்னே துள்ளுகிறது. இவ்வளவும் தொடங்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் ஒரு விதமாகத் துள்ளும், தளர்த்திப் பிடித்தால் வேறு விதமாகத் துள்ளும். அந்தப் பெரியவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடித்திருப்பார். உள்ளங்கையில் துப்பாக்கியின் முன்பகுதியைக் கிடத்தி, விரலால் பற்றாமல், துள்ள விட்டுச் சுட்டுப் பழகுங்கள்.

இனிப் பழுது பார்க்க. முதலில் உரிமம். நம் ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால் உரிமம் வேண்டும். அரை கிராம் குண்டு நொடிக்கு 180 மீட்டரில் போனால் 8 ஜூல்தான். ஆனால் பி.எஸ்.ஏ. 5.5 மில்லிமீட்டர் குழலிலும் இந்தத் துப்பாக்கியைச் செய்தது. அதனால் குழலை அளந்துவிட்டுக் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். பறவைகளைச் சுடவே கூடாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் தொடங்கிய இயக்கத்தில் மக்கள் தாங்களாகவே இத்தகைய துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். காடு மௌனமாவதைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது.

வில்லை வெறும் கையால் கழற்றாதீர்கள். விசையை விட்ட பிறகும் அது அழுத்தத்தில்தான் இருக்கும். நீளமான தச்சுக் கிளாம்பில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். எண்ணெயில் நனைத்த மென்மையான எஃகு இழையால் நீவினால் போதும். எழுத்துகள் தேய்ந்துபோனால் திரும்ப வராது.

தோலுக்கு, பட்டை போட்டுப் பதனிட்ட தடித்த மாட்டுத்தோல் வாங்குங்கள். ஆவாரம் பட்டையில் பதனிட்டது கிடைத்தால் நல்லது. ஈரத்தில் அது மாவு போல வளையும், காய்ந்தால் வளைத்த வடிவத்திலேயே நிற்கும். வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உருளையின் உள்விட்டத்துக்கேற்பக் கடைந்த மரக்கட்டை அச்சில் அழுத்தி இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். பிறகு எண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, மேலே நிற்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். குண்டு போடாமல் மட்டும் சுடாதீர்கள். எதிர்த்து நிற்கக் குண்டு இல்லையென்றால் காற்று மெத்தை உருவாகாது, பிஸ்டன் நேரே இரும்பில் போய் மோதும். முதல் இருபது, முப்பது குண்டுகளுக்குக் கொஞ்சம் புகை வரும். பயப்பட வேண்டாம், தோல் மிச்ச எண்ணெயைக் கக்குகிறது.

கழற்றிய பழைய தோலைத் தூக்கி எறியாதீர்கள். அதன் விளிம்பு கருகி, நடுப்பகுதி பழுப்பாகவே இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து எனக்குப் படம் அனுப்புங்கள்.