மெமரி லீக்: கசிவா, ஒழுக்கா?

மெமரி லீக்னதும் மெமரி எங்கயோ வெளிய கொட்டுதுன்னு நினைச்சுக்கறாங்க, எதுவும் கொட்டாது, புரோகிராம் வாங்குன மெமரிய திருப்பித் தராம விட்டுடறதுக்குதான் அந்தப் பேரு. எங்க கிருஷ்ணகிரில மாங்கா சீசன்ல மண்டிக்கு கிரேட் எடுத்துட்டு போறதும் காலி கிரேட் திரும்பி வர்றதும் மாதிரி, சி புரோகிராமிங் மொழில மேலாக் போட்டா கிரேட் எடுக்கறோம், ஃப்ரீ போட்டா திருப்பி வெக்கிறோம். வாங்குன மெமரி எங்க இருக்குன்னு காட்டற பாயின்டர்தான் சீட்டு. சீட்டு தொலைஞ்சா கிரேட் எங்கயோ இருக்கும் ஆனா கேட்டு வாங்க ஆள் இல்ல, புரோகிராம் முடியற வரைக்கும் அது போனதுதான்.

இங்கிலீஷ்ல லீக்ங்கறது பழைய நார்ஸ் மொழியோட லேக்காவுல இருந்து வந்தது, சொட்டறதுன்னு அர்த்தம். தமிழ்ல ரெண்டு சொல் போட்டி போடுது. ஓட்டைக் குடம் ஒழுவுதுன்னு சொல்லுவோம், ஆனா ஒழுகுங்கற வேர்ல இருந்துதான் ஒழுக்கமும் வருது, அதனால நினைவக ஒழுக்குன்னு எழுதினா படிக்கறவங்க ஒரு நிமிஷம் தடுமாறுவாங்க. கசியறது வேற, மழைக்காலத்துல செவுரு கசியும், எந்த இடம்னு கண்ணுக்கே தெரியாது, நாலு நாள் கழிச்சு சுண்ணாம்பு உப்பி நிக்கும்போதுதான் தெரியும். இதுவும் அப்படியேதான் நடக்குது, அதனால நினைவகக் கசிவுங்கறதே சரின்னு நான் உறுதியா சொல்லுவேன்.

எடைமேடைக்கு போஸ்ட்கிரேஸ் டேட்டாபேஸோட பேசற ஒரு சி புரோகிராம் எழுதியிருந்தேன், காலைல நல்லா ஓடும், சாயங்காலம் ஆக ஆக மூச்சு வாங்கும். டேட்டாபேஸுக்கு க்வெரி, அதாவது கேள்வி, அனுப்பற ஒவ்வொரு பிக்யூஎக்ஸெக்கும் ஒரு ரிசல்ட் தரும், அத பிக்யூகிளியர் போட்டு விடுவிக்கணும், பண்ணித்தான் இருந்தேன், ஆனா க்வெரி தப்பாச்சுன்னா உடனே ரிட்டர்ன் ஆகற மாதிரி ஒரு இஃப் வெச்சிருந்தேன், அந்த வழில மட்டும் கிளியர் இல்ல. க்வெரி தப்பானாலும் ரிசல்ட் வரும், அதையும் விடுவிக்கணும், பலர் கோட்டை விடற இடம் இதுதான். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்ல ஸ்டோர் ரிசல்ட் போட்டா ஃப்ரீ ரிசல்ட் போடணும்ங்கறதும் இதே கணக்கு. ஆனா போஸ்ட்கிரேஸ்ல ரிசல்ட்டுல இருந்து ஒரு மதிப்ப எடுக்க போடற பிக்யூகெட்வேல்யூ தர்ற பாயின்டர நாம ஃப்ரீ பண்ணவே கூடாது, அது ரிசல்ட்டுக்குள்ள இருக்கற இடம், ரிசல்ட் போனா அதுவும் போயிடும்.

அந்த இஃப்ப காட்டிக் கொடுத்தது வால்கிரைண்ட்ங்கற மெமரி சோதிக்கற டூல், அதுல லீக் செக்க ஃபுல்னு வெச்சு ஓட்டினா எந்த வரில வாங்குன மெமரி திரும்பலன்னு சொல்லிடும். அதுல வர்ற டெஃபினிட்லி லாஸ்ட்டுக்கு நான் எழுதற தமிழ் "சீட்டு தொலைஞ்சது", ஸ்டில் ரீச்சபிளுக்கு "கைக்கெட்டற இருப்பு". மொதல்ல சீட்டு தொலைஞ்சத பாருங்க.