மூன்றாம் கியரிலேயே கிளம்பும் பழைய பிக்கப்: கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒயரைப் பாருங்கள்

செலக்டரை 'டி'-க்குத் தள்ளியதும் டம்மென்று ஓர் இடி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறித் திணறிக் கிளம்புகிறது. கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் இல்லாததுபோல் ஓடுகிறது, ஆனால் கியர் மாறுவதே இல்லை. ஷார்ஜா இன்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு ஆட்டோமேட்டிக் கியருள்ள பழைய ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப்கள் இந்தப் புகாரோடு வந்தால் பல கராஜ்களில் கிடைக்கிற பதில், "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்". ஆட்டோ எலக்ட்ரீஷியனாக என் பதில் வேறு. முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்.

அதற்கும் முன்னால், அடியில் இருப்பது எந்த கியர்பாக்ஸ் என்று பார்க்க வேண்டும். 1982-இல் வந்த 700ஆர்4-ம் அதிலிருந்து பிறந்த 4எல்60இ-யும் அண்ணன் தம்பி மாதிரி. ஆயில் பேனில் இரண்டுக்குமே 16 போல்ட்தான், அதை எண்ணிப் பயனில்லை. எஞ்சின் த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் இறங்கினால் அது பழைய வகை. கியர் மாற்றுவதெல்லாம் ஆயில் பிரஷர்தான். லாக்-அப்புக்கு (ஓடும்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்காமல் பூட்டும் கிளட்ச்) மட்டும் நாலு பின் சாக்கெட் ஒன்று இருக்கும். கேபிள் இல்லாமல், பயணி பக்கம் கேஸின் (கியர்பாக்ஸின் வெளிக்கூடு) மேல் பெரிய வட்ட சாக்கெட் செருகியிருந்தால் அது 4எல்60இ. பிக்கப்களில் 1993 மாடலிலிருந்து வருகிறது. இனி நான் சொல்வது இதைப் பற்றித்தான்.

இதற்குள் கியர் மாற்றும் ஷிஃப்ட் சோலனாய்டு (கரண்டில் இயங்கி ஆயிலை விடும் வால்வ்) இரண்டு இருக்கின்றன. ஏ, பி என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் இரண்டும் ஆன். இரண்டாவதில் பி மட்டும். மூன்றாவதில் இரண்டும் ஆஃப். நான்காவதில் ஏ மட்டும். மூன்றாவதைக் கவனியுங்கள். கரண்ட் அறவே போய்விட்டால் 'டி'-யில் வண்டி மூன்றாம் கியரில் நிற்கும். பிரஷர் சோலனாய்டும் இப்படித்தான்: கரண்ட் குறையக் குறைய ஆயில் பிரஷர் ஏறும், கரண்டே இல்லையென்றால் உச்சம். அந்த இடி அங்கிருந்து வருகிறது. வழியில் ஒயர் அறுந்தாலும் வண்டி வீடு போய்ச் சேரட்டும், குறைந்த பிரஷரில் கிளட்ச் வழுக்கி எரிந்துவிட வேண்டாம் என்று கம்பெனி யோசித்துச் செய்த ஏற்பாடு இது. இதைப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதுகிறார்கள்! (பெரிய பிக்கப்களில் வரும் 4எல்80இ கரண்ட் இல்லாவிட்டால் இரண்டாம் கியரில் நிற்கும்.)

ஒரு 97 மாடல் ஜிஎம்சி இப்படித்தான் வந்தது. வேறொரு கராஜில் ஓவர்ஹாலுக்கு அட்வான்ஸே வாங்கியிருந்தார்கள். பார்த்தால், சாக்கெட்டுக்கு 12 வோல்ட் கொண்டுவரும் பிங்க் ஒயர் சைலன்சர் பைப்பில் சாய்ந்து, தோல் உருகி, ஃபியூஸை எரித்திருந்தது. அதைவிட மோசம், யாரோ ஃபியூஸ் நிற்கவில்லை என்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் கட்டியிருந்த ஒயர்களும் சேர்ந்து உருகிப்போயிருந்தன. ஃபியூஸ் எரிந்தால் அதே அளவில்தான் போட வேண்டும். மறுபடி எரிந்தால் ஷார்ட்டைத் தேட வேண்டும், வேறு வழியில்லை.

சோதிக்கும் முறைக்கு வருகிறேன். சாவியை ஆஃப் செய்து சாக்கெட்டைக் கழற்றுங்கள். பக்கவாட்டுக் காதுகளை அமுக்கி நேராகத் தூக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினால் கேஸ் பக்கத்துப் பிளாஸ்டிக் உடையும், அப்புறம் ஆயில் பேனைக் கழற்றியாக வேண்டும். பின்களுக்கு ஆங்கில எழுத்து போட்டிருக்கும். பிங்க் ஒயர் 'ஈ' பின். சாவியை மட்டும் ஆன் செய்து அங்கே பேட்டரி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மீட்டர் இங்கே ஏமாற்றும். ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 காட்டும். அதனால் இந்த ஓர் ஒயரில் மட்டும் பல்ப் டெஸ்ட் லேம்ப் வைத்து, பிரகாசமாக எரிகிறதா என்று பார்ப்பேன். மற்ற ஒயர்கள் கியர் மாற்றத்தை ஆளும் கம்ப்யூட்டருக்குப் போகிறவை, அவற்றில் டெஸ்ட் லேம்பை வைக்காதீர்கள்.

பிறகு சாவியை ஆஃப் செய்து கேஸ் பக்கத்துப் பின்களில் ஓம்ஸ் பார்க்கலாம். 'ஈ'-க்கும் 'ஏ'-க்கும் நடுவே, 'ஈ'-க்கும் 'பி'-க்கும் நடுவே ஷிஃப்ட் சோலனாய்டுகள், ஏறக்குறைய 20 முதல் 30 ஓம்ஸ். 'சி'-க்கும் 'டி'-க்கும் நடுவே பிரஷர் சோலனாய்டு, நாலு ஓம்ஸ் பக்கம். இவை சரியாக இருந்தால் தப்பு வெளி ஒயரிங்கில், அல்லது கம்ப்யூட்டரில். குளிர்ந்திருக்கும்போது சரியாகவும், ஓடிச் சூடானபின் ஓப்பனாகவும் (சுற்று அறுந்ததாக) காட்டினால் உள்ளே இருக்கும் ஒயரிங்கைச் சந்தேகிக்கலாம். கொதிக்கும் ஆயிலில் முப்பது வருடம் ஊறினால் எந்த பிளாஸ்டிக்கும் நொறுங்கும். அப்போதும் ஆயில் பேனைக் கழற்றினால் போதும், கியர்பாக்ஸ் இறங்க வேண்டியதில்லை.

பழைய பார்ட்ஸ் கடையில் உள் ஒயரிங் வாங்குகிறவர்கள் ஆண்டு பார்த்து வாங்குங்கள். லாக்-அப்பை மெதுவாகப் பிடிக்க வைக்கும் கூடுதல் சோலனாய்டு ஒன்று 1995-இல் சேர்ந்தது. அதற்கு முந்தையதில் அந்த ஒயரே இருக்காது.

வெளி ஒயரை ஒட்டும்போது முறுக்கிவிட்டுக் கறுப்பு டேப் சுற்றுவதை இந்த ஊர் வெயில் மன்னிக்காது. கோந்து இளகி டேப் கழன்றுவிடும். நான் உள்ளே பசையுள்ள ஸ்லீவ் போட்டு, கிரிம்ப் செய்து, சூடு காட்டிச் சுருக்குகிறேன். ஈயம் வைப்பதையும் தவிர்க்கிறேன். ஈயம் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். பல ஒயர்களை ஒட்ட வேண்டியிருந்தால் ஒட்டுகளை ஒரே இடத்தில் சேர்க்காமல் முன்னே பின்னே வைக்க வேண்டும். கடைசியாக, சைலன்சரிலிருந்து விலக்கி கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

1996-க்குப் பிந்தைய வண்டியென்றால் கம்ப்யூட்டரிலுள்ள பழுதுக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் பாதி வேலையைச் செய்துவிடும். பி0753 வந்தால் ஏ சோலனாய்டின் மின்சுற்று, பி0758 வந்தால் பி சோலனாய்டின் மின்சுற்று. பி1870 மட்டும் வந்து, ஓம்ஸெல்லாம் சரியாக இருந்தால், அங்கே ஒயரிங் வேலை முடிந்தது. லாக்-அப் வழுக்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் வால்வ் ஓடும் துளை தேய்ந்திருக்கும். அந்த வண்டியை கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் அனுப்பிவிடுவேன்.