தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல்: நுரையீரல் புற்றுநோயாளிக்குக் கணக்கு வேறு

மேலூர்ப் பக்கம் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரல் புற்றுநோய்க்கு மதுரையில் கீமோ எடுத்து வருகிறார். ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதால் ஃப்ளூ தடுப்பூசியும் போட்டாயிற்று. அன்று இரவு உடம்பு நடுங்குகிறது. புழுக்கமான வீட்டுக்குள் போர்வை கேட்கிறார். "ஊசி போட்டால் காய்ச்சல் வரத்தானே செய்யும்? ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள் அப்பா" என்கிறாள் மகள்.

அந்த வீட்டில் வேறு யாருக்கும் இது சரியான யோசனைதான். இவருக்கு மட்டும் இதே யோசனை உயிருக்கே ஆபத்தாகலாம். காரணம், காய்ச்சல் உண்டாகிற விதத்திலேயே இருக்கிறது.

தோள் தசையில் இறங்கிய மருந்தை முதலில் எதிர்கொள்பவை அங்கே காவலிருக்கும் வெள்ளணுக்கள். அன்னியப் பொருளைக் கண்டதும் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் வேதிப்பொருட்களை, அவை சுரக்கின்றன. ஊசி போட்ட இடம் தடித்து வலிப்பது இதனால்தான். இவற்றில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து மூளையை எட்டினால், அங்கே புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் உருவாகும். உடல் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹைபோதலாமஸ், அதுவரை 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் போதும் என்று வைத்திருந்த அளவை, இதன் தூண்டுதலால் 101 என்று ஏற்றிவிடுகிறது. உடம்பு இன்னும் பழைய வெப்பத்தில்தான் இருக்கிறது. ஆகவே மூளைக்கு அது குளிராகப் படுகிறது. வெப்பத்தைக் கூட்டத் தசைகள் நடுங்குகின்றன. சித்திரை மாதத்து மதுரையிலும் ஒருவர் போர்வை கேட்பது இப்படித்தான். பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கிறது. மூளை வைத்த அளவு இறங்க, வியர்த்துக் காய்ச்சல் விடுகிறது. ஊசியால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் வந்து, மூன்றாம் நாளுக்குள் போய்விடும். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை என்பதால் அதிலிருந்து ஃப்ளூ வராது.

ரத்தத்தில் பாக்டீரியா புகுந்தாலும் இதே சைட்டோகைன்கள்தான் சுரக்கின்றன, இதே நடுக்கம்தான் வருகிறது. தெர்மாமீட்டர் 101 என்று காட்டுமே தவிர, அது ஊசியால் வந்ததா கிருமியால் வந்ததா என்று சொல்லாது.

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகின்றன. புற்றணுக்களோடு சேர்ந்து எலும்பு மஜ்ஜையும் அடிபடுகிறது. பாக்டீரியாவை விழுங்கி அழிக்கும் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் குறைந்த ஆயுள் கொண்டவை. மஜ்ஜை அவற்றை நாள்தோறும் புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்குவது தடைப்பட்டால், பல கீமோ மருந்துகளில் ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரையிலான காலத்தில் அவற்றின் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போய்விட்டால், குடலிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமிகளே உடம்பைச் சாய்த்துவிடும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது அடுத்து வருவதுதான். சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்கள். நியூட்ரோபில் இல்லாதவருக்குச் சீழ் கட்டாது, சளி கட்டியாக வராது, நிமோனியா இருந்தாலும் தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். தொற்றுக்கு மிஞ்சுகிற ஒரே அடையாளம் காய்ச்சல். அந்த அடையாளத்தையும் மாத்திரை போட்டு அழித்துவிட்டால், விடியும்போது ரத்த அழுத்தம் சரிந்த நிலையில்தான் விஷயம் தெரியவரும்.

எனவே கீமோவில் இருப்பவருக்கு மாத்திரைக்கு முன் தெர்மாமீட்டர். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், நேற்றுதான் ஊசி போட்டோம் என்ற சமாதானம் கூடாது. உடனே சிகிச்சை தரும் மருத்துவமனையை அழைக்க வேண்டும். உசிலம்பட்டியோ பேரையூரோ, காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்க்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களில் அவசர சிகிச்சைப் பிரிவு இரவிலும் உண்டு, 108-ம் உண்டு. போனதும் முதலில் சொல்ல வேண்டியது கடைசிக் கீமோ எந்தத் தேதியில் ஏறியது என்பதை. ஊசித் தேதி அதற்கு அடுத்துதான். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து, குறைவாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்து, வேறு தொற்றும் இல்லையென்றால், ஊசிக் காய்ச்சல்தான் என்று நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். அந்த நிம்மதிக்காக ஓர் இரவு அலைந்தாலும் தகும்.

இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் வேறு கணக்கு. கையில் போட்ட ஊசி காய்ச்சல், உடல்வலி, அசதி, தலைவலி ஆகியவற்றைத் தருவது இயல்பு. அவை ரத்தத்தில் சுற்றும் சைட்டோகைன்களின் வேலை. ஆனால் புதிதாக வறட்டு இருமலும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதும் வந்தால், பெரும்பாலும் நெஞ்சுக்குள்ளேயே ஏதோ நடக்கிறது என்று பொருள். ஊசி போட்ட கால் மணி, அரை மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறி முகம் வீங்கும் கடும் ஒவ்வாமை ஒன்றுதான் முக்கியமான விதிவிலக்கு. ஊசி போட்டதும் அங்கேயே உட்காரவைப்பது அதற்காகத்தான். தொடையில் போடும் அட்ரினலின் அதற்கு மருந்து.

பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் ஏறுகிறவர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நோயை எதிர்த்துப் போராடும் டி-அணுக்கள் என்ற வெள்ளணுக்களின் மேல் பிடி-1 என்ற பிரேக் இருக்கிறது. புற்று அதை அழுத்தித் தப்பிக்கிறது. மருந்து அந்தப் பிரேக்கை எடுத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்ததில் பங்குள்ள தசுகு ஹோஞ்சோவுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிரேக் போன டி-அணுக்கள் சில வேளை நல்ல நுரையீரலையே தாக்கி, நிமோனைட்டிஸ் என்ற அழற்சியை உண்டாக்கும். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலும் வரலாம், பல மாதங்கள் கழித்தும் வரலாம். அந்த இடைவெளியில் ஒரு தடுப்பூசியும் போட்டிருந்தால் பழி ஊசி மேல் விழுகிறது; ஸ்டீராய்டு தொடங்க வேண்டிய நாட்கள் வீணாகின்றன. திடீர் மூச்சிரைப்போடு ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் ரத்தக்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். புற்றுநோயே ரத்தத்தை உறையத் தூண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பதும் உண்டு. கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தால் எடுத்து வையுங்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே தன் ஆக்சிஜன் அளவு என்ன என்று நோயாளி குறித்து வைத்திருந்தால், இறங்குவது உடனே தெரியும்.

2021 ஜனவரி 16 அன்று தமிழகத்தின் கொரோனா தடுப்பூசித் திட்டம் மதுரை இராசாசி மருத்துவமனையில்தான் தொடங்கியது. அதே ஆண்டில் உலகெங்கும் ஸ்கேன் மையங்களில் ஒரு புதுக் குழப்பம் கிளம்பியது. புற்று எங்கெங்கே இருக்கிறது என்று தேடும் பெட் ஸ்கேனில், புற்றுநோயாளிகளின் அக்குள் பளிச்சென்று ஒளிர்ந்தது.

ஊசி போட்ட கைப் பக்கம் நெறி கட்டுவது பலருக்கும் தெரிந்ததுதான். தோளிலிருந்து டென்ட்ரைட்டிக் அணுக்கள் மருந்தின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. அங்கே அந்தத் துணுக்குக்குப் பொருந்தும் பி-அணுக்களும் டி-அணுக்களும் மளமளவென்று பெருகுகின்றன, கணு வீங்குகிறது. ஊசி வேலை செய்யும் இடமே அதுதான். பெருகும் அணுவுக்குச் சர்க்கரை அதிகம் வேண்டும். பெட் ஸ்கேனில் ஏற்றுவதோ, 110 நிமிடத்தில் பாதியாகக் குறையும் ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரை. அதைப் புற்றணுவும் இழுக்கும், காசநோய்க் கட்டியும் இழுக்கும், ஊசியால் விழித்த கணுவும் இழுக்கும்.

நுரையீரல் புற்று அக்குளுக்குப் பரவுவது அரிது; பரவியிருந்தால் அது நான்காம் நிலை. காறை எலும்புக்கு மேலுள்ள கணுவில் இருந்தால் மூன்றாம் நிலை. ஊசியால் அந்தக் கணுவும் வீங்கக்கூடும் என்பதால், ஒரு கணுவைத் தவறாகப் படித்தால் அறுவை சிகிச்சைக்கு உரியவர் அது கிடைக்காமல் போகலாம். ஊசி போட்ட பக்கமே, சில நாட்களுக்குள், தொட்டால் வலிக்கும்படி வந்து, சில வாரங்களில் அமுங்குவது ஊசி நெறி. வலியில்லாமல் கல் போல் இருப்பது, வளர்ந்துகொண்டே போவது, மறுபக்கம் வருவது ஆகியவற்றுக்கு ஊசியைக் காரணம் காட்டாமல் சதைப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

புற்று எந்தப் பக்க நுரையீரலில் இருக்கிறதோ அதற்கு எதிர்க் கையில் ஊசியைப் போடச் சொல்லிக் கேட்கலாம். ஸ்கேனுக்குப் போகும்போது ஊசியின் பெயர், தேதி, போட்ட கை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, படத்தைப் படிக்கும் டாக்டரிடம் சேரும்படி கொடுத்துவிட வேண்டும். அவசரமில்லாத ஸ்கேனைச் சில வாரங்கள் தள்ளி எடுப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஸ்கேனை ஊசிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை, அந்தச் சீட்டோடு போனால் போதும்.