உழுத தோட்டமும் வெட்டிய குழியும்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துத் தென்கிழக்குப் பகுதியில், லபெட் மாவட்டத்தில், 1873ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரு கூட்டம் ஓர் ஆப்பிள் தோட்டத்துக்குள் இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தது. பெரும்பாலான இடங்களில் கம்பி சிறிது இறங்கியதும் கெட்டி மண்ணில் முட்டி நின்றது. சில இடங்களில் மட்டும் எதிர்ப்பின்றி ஆழமாக இறங்கியது. அப்படி இறங்கிய இடங்களைத் தோண்டியபோது, அந்தப் பாதையில் காணாமற்போன வழிப்போக்கர்களின் உடல்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. புதைகுழியைக் கண்டறியும் அறிவியல் என்று ஒரு துறை உருவாவதற்கு நெடுங்காலம் முன்பே நடந்த இந்தத் தேடல், அந்தத் துறையின் அடிப்படையான உண்மையைக் கண்முன் நிறுத்துகிறது: ஒரு முறை வெட்டப்பட்ட மண்ணை மனிதக் கையால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

அந்தத் தோட்டம் பெண்டர் குடும்பத்துக்கு உரியது. 1870ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தந்தையும் மகனும் முதலில் வந்து 160 ஏக்கர் நிலத்தைப் பதிவு செய்தனர். ஓராண்டு கழித்து மனைவியும் கேட் என்ற மகளும் வந்து சேர்ந்தனர். ஓசேஜ் மிஷன் என்ற ஊரையும் இண்டிபெண்டன்ஸ் நகரையும் இணைத்த வண்டிப் பாதையின் ஓரத்தில் 16 அடிக்கு 24 அடி அளவில் ஒரே அறை கொண்ட மரவீட்டை அவர்கள் கட்டினார்கள். வண்டிக் கூண்டின் மேல் போர்த்தும் கித்தான் துணியால் அந்த அறையை இரண்டாகத் தடுத்து, முன்பகுதியில் மளிகைக் கடையும் சாப்பாட்டு விடுதியும் நடத்தினார்கள். விருந்தினர் கித்தானுக்கு முதுகைக் காட்டி அமரும்படி மேசை போடப்பட்டிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து சுத்தியலால் தலையில் அடித்து, தரையிலிருந்த பொறிக்கதவு வழியாக நிலவறைக்குள் தள்ளி, கழுத்தை அறுத்து, பிறகு தோட்டத்தில் புதைத்தனர் என்பதே கிடைத்த உடல்களிலிருந்தும் வீட்டின் அமைப்பிலிருந்தும் மக்கள் கண்டுகொண்ட முறை.

இவ்வளவு காலம் இது எப்படி வெளியே தெரியாமல் இருந்தது என்று கேட்கத் தோன்றும். அந்தப் பாதையில் சென்றவர்களில் பலர் மேற்கே நிலம் வாங்கக் கையில் ரொக்கத்துடன் தனியாகப் புறப்பட்டவர்கள். அவர்கள் எந்த நாளில் எந்த ஊரைச் சேர வேண்டும் என்று யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு எழுதும் கடிதம் வீட்டுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கடிதம் வராமலிருப்பதை ஒரு செய்தியாக உணர்வதற்கே மாதங்கள் பிடிக்கும். அப்படி உணர்ந்த பிறகும், நூற்றுக்கணக்கான மைல் நீண்ட பாதையில் எந்த இடத்தில் தேடுவது? குடும்பத்தின் மறைப்பு முழுவதும் இந்தத் தாமதத்தைத்தான் நம்பியிருந்தது.

1873 மார்ச்சில் மருத்துவர் வில்லியம் யார்க் காணாமற்போனபோது அந்தத் தாமதம் உடைந்தது. இண்டிபெண்டன்ஸிலிருந்து கைக்குழந்தையுடன் புறப்பட்டு மறைந்துபோன ஜார்ஜ் லாங்கர் என்பவரைத் தேடிப் போனவர் அவர். திரும்பி வர வேண்டிய நாளை வீட்டார் அறிந்திருந்தனர். அவருடைய சகோதரர்களில் ஒருவர் கர்னல், மற்றொருவர் கான்சாஸ் மாநில செனட்டர். கர்னல் யார்க் ஆட்களைத் திரட்டிக்கொண்டு பாதை நெடுகிலும் விசாரித்து, பெண்டர் விடுதிக்கும் வந்து போனார். அதன்பின் ஊர்க் கூட்டம் கூடி, சுற்றுவட்டாரத்துப் பண்ணைகள் அனைத்தையும் சோதனையிடுவதென்று முடிவு செய்தது. சில நாட்களில், பெண்டர் வீட்டுக் கால்நடைகள் தீனியின்றி நிற்பதை அண்டைவீட்டார் ஒருவர் கவனித்தார். குடும்பம் ஓடிவிட்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவர்களை முதலில் தாக்கியது நாற்றம். ஆணியடித்து மூடிய பொறிக்கதவைப் பெயர்த்து நிலவறையில் இறங்கி, கற்பாளம் பாவிய அதன் தரையைச் சம்மட்டியால் உடைத்துத் தோண்டியும் உடல் எதுவும் கிடைக்கவில்லை. நாற்றம் மண்ணில் ஊறியிருந்த இரத்தத்திலிருந்தே வந்தது. இரத்தத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். கற்களின் இடுக்கு வழியாக இறங்கிய இரத்தம் காற்றோட்டமற்ற ஈர மண்ணில் தங்கும்போது, உயிர்வளி தேவைப்படாத நுண்ணுயிரிகள் அந்தப் புரதத்தைச் சிதைக்கின்றன. புரதத்திலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகவும், சிஸ்டீன், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களாகவும் வெளிவருகின்றன. காற்றில் நூறு கோடியில் சில பங்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலே நம் மூக்கு அதை உணர்ந்துவிடும். மூடிய நிலவறையில் அந்த வாயு வெளியேற வழியின்றிச் சேர்ந்திருந்ததால், கதவைத் திறந்த கணத்தில் அது தன்னைத் தானே அறிவித்துக்கொண்டது. இரத்தத்தின் இரும்புச்சத்து இன்னும் பிடிவாதமானது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, லூமினால் என்ற வேதிப்பொருளை இருட்டில் நீலமாக ஒளிரச் செய்யும். 1937ஆம் ஆண்டு முதல் தடயவியலில் பயன்படும் இந்தச் சோதனை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கழுவிய கறையையும் காட்டிக்கொடுக்கிறது.

உடல்கள் வீட்டில் இல்லையென்றால் நிலத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் மண்ணின் இயல்பு பேசத் தொடங்குகிறது. நம் ஊரில் மனை பார்க்கும்போது செய்யும் பழைய சோதனை ஒன்று இதைப் புரிந்துகொள்ள உதவும். மனையில் ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட்டு நிரப்புவார்கள். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் அதமம் என்று மனையடி நூல்கள் சொல்கின்றன. மண் மிஞ்சுகிறது என்றால் அந்த நிலம் இறுகிக் கெட்டியாக இருந்தது என்று பொருள். பல நூறு ஆண்டுகளாக மழையாலும் தன் எடையாலும் அழுந்திக் கிடந்த மண்ணைத் தோண்டும்போது அது கட்டிகளாக உடைகிறது, கட்டிகளுக்கிடையே காற்று புகுகிறது, பருமன் கூடுகிறது. சாதாரண மண்ணில் இந்தக் கூடுதல் கால் பங்கு அளவுக்கு இருக்கும். புதைகுழியிலோ ஓர் உடலும் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்வதால், மண் கட்டாயம் மிஞ்சும். மிஞ்சியதை மேடாகக் குவித்தால் தெரிந்துவிடும். வாரி இறைத்து மட்டமாக்கினால், அடுத்த மழைகளில் தளர்ந்த மண் படிந்து இறங்கும்போது பள்ளம் விழும். உடல் சிதையத் தொடங்கி வயிற்றுப் பகுதி உள்வாங்கும்போது, பெரிய பள்ளத்துக்குள்ளேயே இரண்டாவதாக ஒரு சிறு பள்ளம் தோன்றும். புலனாய்வாளர்கள் இன்றும் இவ்விரு பள்ளங்களையும் தேடுகிறார்கள்.

பெண்டர் குடும்பம் இதற்கு ஒரு வழி கண்டிருந்தது. அவர்களுடைய தோட்டம் எப்போதும் புதிதாக உழுது பரம்படித்தபடியே இருந்தது என்று அக்காலச் செய்திகள் சொல்கின்றன. நிலம் முழுவதையும் கிளறிவிட்டால் கிளறிய ஓரிடம் தனித்துத் தெரியாது என்பது ஒரு வகையில் சரியான கணக்குதான். புல் முளைக்காத திட்டு, நிறம் மாறிய மண், மேடு பள்ளம் ஆகிய மேற்பரப்பு அடையாளங்கள் அனைத்தையும் ஒரே உழவு அழித்துவிடும். ஆனால் ஏர்க்கொழு ஒரு சாண் ஆழத்துக்குமேல் பெரிதாக இறங்காது; குழியோ அதைவிட ஆழமானது. தென்கிழக்குக் கான்சாஸ் நிலத்தில் மேலே மெல்லிய வண்டல் மண்ணும் அதன் அடியில் அடர்ந்த களிமண் அடுக்கும் அமைந்திருப்பது பரவலாகக் காணப்படுவது. அத்தகைய நிலத்தில் உழவு மேலடுக்கைத் தளர்த்துமே தவிரக் களிமண்ணைத் தொடுவதில்லை. குழி வெட்டியவர்களோ களிமண்ணைப் பிளந்து, இரண்டடுக்கையும் கலந்து திரும்ப இட்டிருந்தனர். எனவே குத்துக் கம்பியைப் பிடித்தவரின் கை, கண்ணால் காண முடியாத வேறுபாட்டை உணர்ந்தது. கம்பியை வெளியே எடுத்தால் அந்தத் துளை வழியாகக் கீழேயிருந்து நாற்றமும் எழும். இன்றைய தேடுதல் குழுவினரும் கைப்பிடி வைத்த எஃகுக் கம்பியால் இதே வேலையைச் செய்து, துளையிட்ட பிறகே மோப்ப நாயை அழைத்துவருகிறார்கள்.

தேடல் நடந்த நாளின் மாலையில், சாயும் வெயிலில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் குழிகளின் வடிவம் கண்ணுக்குப் புலப்பட்டது என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும் அதன் பின்னுள்ள ஒளியியல் மெய்யானது. உச்சி வெயிலில் இரண்டு அங்குலப் பள்ளம் நிழல் தருவதில்லை. சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது அதே பள்ளத்தின் விளிம்பு நீண்ட நிழலை வீழ்த்துகிறது. தொல்லியலாளர்கள் மண்மூடிய கோட்டைச் சுவர்களை வானிலிருந்து படம்பிடிக்கக் காலையையும் மாலையையும் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

முதலில் கிடைத்தது மருத்துவர் யார்க்கின் உடல். குப்புறப் புதைக்கப்பட்டு ஏறத்தாழ எட்டு வாரங்கள் ஆகியிருந்தும், அவரை அடையாளம் காண முடிந்தது. இதில் வியப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் யோகன் லுட்விக் காஸ்பர் வகுத்த ஒரு தோராய விதி, திறந்த வெளியில் ஒரு வாரத்தில் நிகழும் சிதைவு தண்ணீரில் இரண்டு வாரத்திலும் மண்ணுக்கடியில் எட்டு வாரத்திலும் நிகழும் என்கிறது. மண்ணுக்குள் ஈக்கள் எளிதில் நுழைய முடியாது, உயிர்வளி குறைவு, வெப்பமும் குறைவு. கான்சாஸில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மண் குளிர்ந்தே இருக்கும். எட்டு வாரத்தை மறைவுக்கான காலமாகக் குடும்பம் நினைத்திருக்கலாம்; உடலின் கணக்கில் அது ஒரே வாரந்தான்.

மறுநாள் தோட்டத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் மேலும் உடல்கள் எடுக்கப்பட்டன. கொல்லப்பட்டோர் தொகை பத்துக்குக் குறையாது. லாங்கரின் குழியில் அவருடைய கைக்குழந்தையும் கிடந்தாள். உயிர்போகும் அளவுக்குக் காயம் எதுவும் அவள் உடலில் இல்லாததால், உயிருடனேயே புதைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் கருதினர். இதை எழுதுவதே கடினமாக இருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இன்றிருந்தால் அந்த ஐயத்தைத் தீர்க்கும் வழி உண்டு. மூச்சு இருக்கும்போது மண்ணில் புதையும் உடலில் மண்துகள்கள் வாயோடு நிற்பதில்லை. மூச்சுக்குழாயின் கிளைகள் வரைக்கும், விழுங்கினால் இரைப்பை வரைக்கும் செல்கின்றன. இறந்த பின் புதைத்த உடலில் அவ்வளவு ஆழத்துக்குத் துகள்கள் போவது அரிது.

இன்று இதே தோட்டத்தைத் தேடினால் கம்பியோடு பிற கருவிகளும் வந்துசேரும். தரையை ஊடுருவும் ரேடார், மின்காந்த அலையை மண்ணுக்குள் அனுப்பி, அடுக்குகளின் எல்லையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. வெட்டிய இடத்தில் அடுக்குகளின் கோடு அறுந்து தெரியும். மணற்பாங்கான நிலத்தில் இது சிறப்பாக வேலை செய்யும். ஈரக் களிமண்ணோ மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் அலையை விழுங்கிவிடும். லபெட் மாவட்டத்தைப் போன்ற நிலத்தில் ரேடாரைவிட மண்ணின் மின்தடையை அளப்பது பயன்தரக்கூடும். சிதையும் உடலிலிருந்து நூற்றுக்கணக்கான ஆவிப்பொருள்கள் வெளியேறுகின்றன என்பதை, டென்னசி பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாஸ் 1981 வாக்கில் தொடங்கிய ஆய்வுத் திடலில் கொடையாக வந்த உடல்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டின. தாவரங்களும் சாட்சி சொல்கின்றன. முதலில் மிகையான அம்மோனியா வேர்களைக் கருக்கிவிடும். ஓராண்டு, ஈராண்டு கழிந்தபின் அதே நைட்ரஜன் உரமாகி, அந்த இடத்துச் செடிகள் சுற்றிலும் உள்ளவற்றைவிடப் பச்சையாகச் செழிக்கும்.

பெண்டர் குடும்பத்தின் வண்டி தேயர் என்ற ஊருக்கருகே கைவிடப்பட்டுக் கிடந்தது. அங்கிருந்து அவர்கள் ரயிலேறிச் சென்றனர். ஆளுநர் 2,000 டாலர் வெகுமதி அறிவித்தும் அவர்கள் பிடிபட்டதாக உறுதி செய்யப்படவே இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஆயிரக்கணக்கானோர் நினைவுப்பொருளாக ஆளுக்கொரு பலகையும் கல்லும் எடுத்துச் செல்ல, சில வாரங்களில் அந்த வீடே இல்லாமற்போனது. குற்ற நிகழ்விடத்தைக் கலையாமல் காக்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது பரவியிருக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட மூன்று சுத்தியல்கள் செர்ரிவேல் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன. சுத்தியல் முகத்தின் வடிவம் மண்டையோட்டின் குழிந்த முறிவில் அச்சாகப் பதிவதுண்டு. எந்தச் சுத்தியல் யார்மேல் இறங்கியது என்று அவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டுமானால், 1873ஆம் ஆண்டிலேயே மறு அடக்கம் செய்யப்பட்ட அந்த எலும்புகளை மீண்டும் தோண்டியெடுத்தாக வேண்டும்.