பாசிட்டிவ் வந்துவிட்டால் நோய் உறுதியா?

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தால் மார்பகப் புற்றுநோய் இருப்பது உறுதிதானே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உறுதியில்லை. மருத்துவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர், 160 பெண்நோய் மருத்துவர்களிடம் கொடுத்த கணக்கு இது. நோய் இருப்பது 1 சதவீதப் பெண்களுக்கு. அவர்களில் 90 சதவீதம் பேரைப் பரிசோதனை கண்டுபிடிக்கும். நோயில்லாதவர்களிலும் 9 சதவீதம் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். அப்படியானால் பாசிட்டிவ் வந்த பெண்ணுக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டவர்கள் 21 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 25 வரும்!

இப்போது சதவீதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்களை எண்ணுவோம். ஆயிரம் பெண்கள். நோய் உள்ளவர்கள் 10 பேர். அதில் 9 பேருக்குப் பாசிட்டிவ். மீதி 990 பேரில் 89 பேருக்கும் பாசிட்டிவ். ஆக மொத்தம் 98 பேர் கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட்; நோய் இருப்பதோ 9 பேருக்கு. ஏறத்தாழ பதினொன்றில் ஒன்று. அதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், அடுத்த பரிசோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 90 என்பது பத்துப் பேரில் எடுத்த சதவீதம். 9 என்பது 990 பேரில் எடுத்தது. சதவீதமாக எழுதியதும் அந்தப் பத்தும் 990-ம் மறைந்துபோகின்றன, 90 பெரிதாகவும் 9 சிறிதாகவும் தெரிகிறது. ஆட்களாக எண்ணினால் எதுவும் மறைவதில்லை. ஆயிரத்தில் 100 பேருக்கு நோய் இருக்கும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 90 சரியான பாசிட்டிவ், 81 தவறானவை. அதே பரிசோதனை, அதே பாசிட்டிவ். வாய்ப்பு மட்டும் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. இப்படி எண்ணக் கற்றுக்கொடுத்த பிறகு அந்த மருத்துவர்களில் 87 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள்.

புதுக் கருவி வாங்கக் கோடிகளைக் கொட்டுகிறோம். ரிப்போர்ட்டின் அடியில் இந்தக் கணக்கை இரண்டு வரியில் அச்சிட என்ன செலவாகிவிடும்?

இப்படி ஆட்களாக எண்ணிச் சொல்லும் பொறுப்பு செய்தி ஊடகங்களுக்கும் உண்டு. 1995-இல் பிரிட்டனில், புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இருமடங்காகிறது என்று செய்தி பரவியது. உண்மையில் 7,000 பேரில் ஒருவர் என்பது இருவரானது. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிடப்பட்டது. கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் ஆபத்தோ, அந்த மாத்திரைகளால் வருவதைவிட அதிகம்.