‘உயிரிக் குறியீடு’ வேண்டாம், ‘நோய்காட்டி’ போதும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நெஞ்சுவலி விழிப்புணர்வு நோட்டீஸ் எதை எடுத்தாலும் ‘இதய உயிரிக் குறியீடுகள் பரிசோதிக்கப்படும்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. இலை எடை போடும் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு ஓர் அக்கா, “ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாப்பாங்க போல” என்றார். எழுதியிருப்பதை அப்படித்தான் படிக்க முடியும்.

மூலச்சொல் பயோமார்க்கர். ‘பயோஸ்’ கிரேக்கத்தில் உயிர், வாழ்வு. ‘மார்க்கர்’ அடையாளம் காட்டுவது. உடலின் நிலையை அளந்து சொல்ல உதவும் பொருள். அவ்வளவுதான்.

‘உயிரி’ என்றால் நமக்கு உயிருள்ள ஒன்று, நுண்ணுயிரி என்கிறோமே. ‘பயோ’ என்று கண்டதும் ‘உயிரி’ என்று போடும் பழக்கம் எரிபொருளில் தொடங்கி இப்போது ரத்தம்வரை வந்துவிட்டது. ‘குறியீடு’ அதைவிட மோசம். அஞ்சல் குறியீடு, பட்டைக் குறியீடு எல்லாம் மனிதர் கூடிப் பேசி வைத்த அடையாளங்கள். நெஞ்சுவலிக்கு ரத்தத்தில் பார்க்கும் முக்கியமான பயோமார்க்கர் ட்ரோபோனின்; அதை யாரும் அப்படி வைக்கவில்லை. அது இதயத் தசை இழைக்குள் இருந்து, கால்சியம் வந்ததும் சுருக்கத்தை நடத்தும் புரதம். 1960களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி குழுவினர் கண்டறிந்தது. தசைச்செல் சேதமானால் அது ரத்தத்தில் கசிகிறது. கசிந்ததை அளக்கிறோம். இதில் குறியீடு எங்கே வந்தது?

‘உயிர்க்குறி’ என்று சுருக்கலாமே என்பவர்களும் உண்டு. நாடி, மூச்சு, வெப்பம், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் ஓடுகிறது. ஒரே வார்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் செவிலியர் எதை எழுதுவார்?

வழிகாட்டி, நாட்காட்டி என்று பழகிய வாய்க்கு ‘நோய்காட்டி’ தானாக வரும். பொதுச்சொல்லாக அது போதும். ட்ரோபோனினுக்கு மட்டும் இன்னும் கறாராகச் ‘சேதங்காட்டி’ என்பேன். காரணம், அது காட்டுவது தசைச் சேதத்தை, இதய ரத்தக்குழாய் அடைப்பை அல்ல. இதயத்தசை அழற்சி, நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி, நாள்பட்ட சிறுநீரக நோய் இவற்றிலும் அளவு கூடும். அதனால்தான் ஒரு தடவை எடுத்ததோடு விடாமல், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். வலி தொடங்கியவுடன் எடுத்தால் அளவு சாதாரணமாகவும் வரலாம். ஈசிஜியிலேயே பெரிய அடைப்பு தெரிந்தால் இந்த முடிவுக்குக் காத்திருப்பதே தப்பு. மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போய்ச் சேரவே நேரம் பிடிக்கும் எங்கள் ஊரில், ‘குறியீடு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் ஆள் நிம்மதியாக வீட்டுக்குத்தான் போவார். ‘சேதம் இன்னும் காட்டவில்லை, மறுபடி பார்க்கணும்’ என்றால் உட்காருவார்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை இதுதான்: அகராதியில் இரண்டு சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்று ஒரு டாக்டரிடம்கூடக் கேட்பதில்லை. அதே ஆட்கள் அப்புறம் ட்ரோபோனினையும் தமிழாக்கக் கிளம்புகிறார்கள். அது ஒரு புரதத்தின் பெயர், அப்படியே இருக்கட்டும். லேபில் எல்லாரும் ‘ட்ரோப்’ என்றுதான் சொல்கிறார்கள், நோயாளியின் மகனும் “ட்ரோப் வந்துருச்சா சிஸ்டர்?” என்றுதான் கேட்கிறான்.