தண்ணீரே தாழ்ப்பாள் போடும் கதவு

சூலூர்ப்பேட்டையிலிருந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயா, பக்கிங்காம் கால்வாயில் பழைய லாக் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூட்டிப்போனேன். மரக்கதவுகள் பாதி உளுத்துவிட்டன. மிச்சமிருக்கும் இரண்டும் நேர்கோட்டில் மூடாமல், நடுவில் முட்டிக்கொண்டு மூக்கு மாதிரி துருத்தி நிற்கின்றன. இது பழுதா, செய்ததே அப்படித்தானா? இனி சரிசெய்ய முடியுமா?"

செய்ததே அப்படித்தான். அந்த மூக்கில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, பிறகு வடக்கே பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீண்ட உப்புநீர்க் கால்வாய் இது. ஸ்ரீஹரிகோட்டா விறகு படகேறிச் சென்னை அடுப்புகளுக்குப் போனது இந்த வழியாகத்தான். வழியில் ஆறுகள் குறுக்கிடுகின்றன, கடல் ஏறி இறங்குகிறது, நீர்மட்டம் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருப்பதில்லை. அதற்குத்தான் லாக். இரு முனையிலும் கதவு வைத்த தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, தொட்டியின் மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ முன்கதவைத் திறக்கிறார்கள். இது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

பாடத்தில் இல்லாதது கதவின் கோணம். ஓட்டு வீட்டின் முகட்டில் இரண்டு கைமரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்குமே, அதை அப்படியே தரையில் படுக்கவைத்துப் பாருங்கள். ஓட்டின் பாரம் கைமரங்களைப் பிரிப்பதில்லை, இன்னும் இறுக்குகிறது. லாக் கதவில் ஓடு இருக்கும் இடத்தில் தண்ணீர். முகடு எப்போதும் மட்டம் உயர்ந்த பக்கத்தைப் பார்த்திருக்கும். தண்ணீர் தள்ளத் தள்ள இரு கதவுகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். தாழ்ப்பாள் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கதவு 3 மீட்டர் அகலம், ஒரு பக்கம் 2 மீட்டர் தண்ணீர், மறுபக்கம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கதவின் மேலும் விழும் தள்ளுவிசை சுமார் 4.5 டன். கதவுகள் நேர்கோட்டிலிருந்து 18 பாகை மடங்கி நின்றால், அவை சந்திக்கும் விளிம்பில் ஒன்றையொன்று அழுத்தும் விசை ஏறத்தாழ 7 டன்! தள்ளியதைவிட இறுகுவது அதிகம். கோணத்தைக் குறைத்தால் பிடி இன்னும் இறுகும், ஆனால் அந்தப் பாரமெல்லாம் பக்கச் சுவரில் போய் விழும். கூட்டினால் கதவின் அகலம் வீணாக வளரும். லியனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டில் இந்தக் கதவு வரைந்திருக்கிறது. ஐந்நூறு வருடமாகியும் இதைவிட எளிய வழி யாருக்கும் அகப்படவில்லை.

என் தம்பி மகனோடு வாய்க்காலில் இதைச் செய்து பார்த்தேன். இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகள், ஓரத்தில் இரண்டு குச்சிகள். முகட்டை நீர் வரும் பக்கம் திருப்பி விட்டதும், பலகைகள் தாமாகவே நகர்ந்து 'டக்'கென்று சேர்ந்துகொண்டன. "பெரியப்பா, யாரும் தொடலையே!" என்றான். அப்புறம் முகட்டை மறுபக்கம் திருப்பினோம். தண்ணீர் இரண்டையும் விரித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆற்றுமட்டம் ஒருநாள் கால்வாயைவிட உயர்ந்தும் மறுநாள் தாழ்ந்தும் இருக்கும் இடங்களில் எதிரும் புதிருமாக இரண்டு ஜோடிக் கதவுகள் தேவைப்படுவது இதனால்தான்.

இனி பழுது. கதவுகள் சந்திக்கும் விளிம்பில் 5 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே போதும், ஒரு தண்ணீர் லாரி பத்து நிமிடத்துக்குள் காலியாகும் அளவுக்கு ஒழுகும். உப்புநீரில் வாழும் கப்பல் புழு இதற்குக் காரணமாகலாம். பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். மரத்தை உள்ளுக்குள் துளைத்துக்கொண்டே போகும், வெளியே குண்டூசித் துளைதான் தெரியும்.

சரிசெய்ய, முதலில் சுவரில் விட்டிருக்கும் காடிகளில் பலகைகளைச் செருகி, களிமண்ணால் இடுக்கடைத்து, மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். மெதுவாக இறைக்க வேண்டும், அவசரம் கூடாது. தொட்டியில் நிற்கும் தண்ணீர்தான் சுவருக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கிறது. அதைச் சட்டென்று எடுத்துவிட்டால், ஊறிய மண் பின்னாலிருந்து சுவரைச் சாய்க்கும், நிலத்தடி நீர் தளத்தைக் கீழிருந்து தூக்கும். 2 மீட்டர் நீரழுத்தம் என்றால் சதுர மீட்டருக்கு 2 டன்.

சுவரைச் சிமெண்ட் பூசி மூடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது. அந்தச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. வெறும் சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். தண்ணீருக்கடியில் அது நடக்காது. சுர்க்கி, அதாவது மிதமாகச் சுட்ட செங்கல்லின் பொடி, சேர்ந்தால் அதிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து நீருக்குள்ளேயே கெட்டியாகும். கலவைக்குக் கொஞ்சம் நெகிழ்வும் இருக்கும், ஈரம் மூச்சுவிடவும் வழி இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொரிப்பொரியாக உதிர்க்கும். எந்த ஊர் மண்ணில் எந்தச் சூட்டில் சுட்ட சுர்க்கி நல்லது என்று சோதிக்கப் பெரிய பணம் தேவையில்லை, ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகம் போதும். அதற்குக்கூடக் காசு ஒதுக்க மனம் வராதது எனக்கு வருத்தம்.

அந்தச் சுவர் நரபலி கொடுத்ததால் நிற்கிறது என்று ஊரில் பேசுகிறார்களாம், அதையும் ஆசிரியர் எழுதியிருந்தார். தயவுசெய்து பிள்ளைகளிடம் அதை மறுத்துச் சொல்லுங்கள். 1877-78 பஞ்சத்தில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வயிற்றுப்பாட்டுக்கு மண் சுமந்து வெட்டியவர்கள் மனிதர்கள். இந்தக் கால்வாயின் பெருமை அவர்களுக்கும் கொத்தனார்களுக்கும் ஆசாரிகளுக்கும் சேர வேண்டியது.

ஆசாரி வேலைதான் கடைசி. பழைய கோயில் கதவுபோல இதுவும் குடுமியில், அதாவது கதவோரத்து முளையில், சுழல்வது. குடுமி அரை விரற்கடை தேய்ந்தாலும் கதவின் தலை சாய்ந்து, விளிம்புகள் மேலே முட்டிக் கீழே பிரியும். அதனால் முதலில் குடுமியைச் சரிசெய்து, பிறகு ஒரு விளிம்பில் கரியைக் குழைத்துப் பூசிக் கதவை மூடித் திறப்பார்கள். மறு விளிம்பில் கரி ஒட்டிய மேடுகளை மட்டும் இழைப்புளியால் சீவுவார்கள். உச்சி முதல் அடி வரை ஒரே கறுப்பாக ஒட்டும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

பிறகு காடிப் பலகையை ஒவ்வொன்றாக உருவித் தண்ணீர் விடுவார்கள். முதலில் இடுக்கில் பீய்ச்சியடிக்கும். மட்டம் ஏற ஏறக் கதவுகள் இறுகி, பீய்ச்சல் கசிவாகும். இரண்டொரு நாளில் புதுமரம் ஊறி உப்பியதும் கசிவும் நின்றுவிடும்.